சோபா தூக்க அனுமதி

"சோபா தூக்குறதுக்கு எதுக்கு தங்கச்சி சர்க்கார் அனுமதி? கை யாரோடது? உன்னோடது. சோபா யாரோடது? அந்த வீட்டுக்காரரோடது. நடுவுல இவனுங்க யாரு?"

பக்கத்து நாற்காலிக்காரர் இப்படிக் கேட்டதும் டார்லீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விசாரணை அறைக்கு வெளியே அவள் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரமாகிறது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை.

"எனக்கும் அதுதாண்ணே புரியல. வீட்டுச் சாமானை ஏத்தணும், இறக்கணும். அவ்வளவுதான் தொழில். இதுக்குப் போய் நாலு மாசமா அலையுறேன்."

"நாலு மாசமா?" அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

பெயர் ராய்ஸ் என்றார். அறுபது வயதிருக்கும். 'அரசே, வழியை விடு' என்று சட்டையில் ஒரு பேட்ஜ். இந்த மாதிரி விசாரணை என்றால் ஒன்றையும் விடாமல் வந்துவிடுவாராம். விவசாயிக்கு மானியமா? தப்பு. சர்க்கரைக்கு இறக்குமதி வரியா? பகல் கொள்ளை. முடிவெட்டுகிறவனுக்கு லைசென்ஸா? அக்கிரமம். அமெரிக்காவின் கென்டக்கி மலைநாட்டில் அரசாங்கத்தைத் திட்டாத வாயே கிடையாது. ஆனால் ராய்ஸ் மாதிரி அலுக்காமல் திட்டுகிற ஆளை டார்லீன் பார்த்ததில்லை.

மனசுக்கு இதமாக இருந்ததால் தன் கதையையும் சொன்னாள். நிலக்கரிச் சுரங்கத்தை மூடியபோது புருஷன் லான்னிக்குக் கடைசியாக வந்த பணம் மொத்தத்தையும் போட்டு ஒரு பழைய லாரி வாங்கினார்கள். பிழைப்புத் தேடி ஊரே காலி செய்துகொண்டிருந்தது. சாமான் ஏற்ற ஆள் கிடைக்காமல் ஜனங்கள் தவித்தார்கள். லாரியோ வீட்டு வாசலில் சும்மா நிற்கிறது. அனுமதி கொடுக்கக்கூடாது என்று, ஏற்கெனவே தொழிலில் இருக்கும் பக்கத்து ஊர்க் கம்பெனி ஆட்சேபம் எழுதிப் போட்டுவிட்டது.

"புதுசா ஒருத்தர் கடை போடலாமான்னு பழைய கடைக்காரன்கிட்ட போய்க் கேக்குற சட்டம்," என்றார் ராய்ஸ். "கோழிக்கூண்டுக்குக் கதவு வைக்கலாமான்னு நரிகிட்ட யோசனை கேட்ட கதைதான். இந்தச் சட்டத்தை ஒழிக்கிற சங்கத்துக்கு நான் வருஷா வருஷம் நன்கொடை குடுக்கிறேன், தெரியுமா?"

"இன்னிக்கு இல்லைன்னுட்டா இன்னும் ஒரு வருஷத்துக்கு மனுப் போட முடியாதாம். அதுவரைக்கும் எங்களால தாங்க முடியாதுண்ணே. லாரியை வித்துட்டு நாங்களும் ஊரை விட்டுப் போகவேண்டியதுதான்."

ராய்ஸ் தன் பையிலிருந்து ஒரு சாண்ட்விச்சை எடுத்துப் பாதியைக் கொடுத்தார். "முதல்ல சாப்பிடு. வெறும் வயித்தோட சர்க்கார் முன்னாடி போய் நிக்கக்கூடாது. ஆமா, உள்ள போய் என்ன சொல்லப்போறே?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். சர்ச்சுக்கு வரும் ஒரு கோர்ட் குமாஸ்தா பாவம் பார்த்து எழுதிக் கொடுத்தது.

ராய்ஸ் வாய்விட்டுப் படித்தார். "'அந்தக் கம்பெனி வேண்டாமென்று தள்ளும் சின்ன லோடுகளை மட்டுமே எடுப்பேன். அவர்கள் வாங்கும் கட்டணத்தையே வாங்குவேன். அவர்களுடைய வாடிக்கையாளர்களைத் தொடமாட்டேன்.' என்ன தங்கச்சி இது, பிச்சை கேக்குற மாதிரி இருக்கு. அவன் ஒரு வீட்டுக்கு என்ன வாங்குறான்?"

"ஆயிரத்து இருநூறு டாலர்."

"நீ?"

"ஐநூறுக்கே முடிச்சுக் குடுக்கலாம்ணே."

"பின்ன அதைச் சொல்லேன். பாதி விலைக்கும் கம்மியா செய்வேன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லு. போட்டி வந்தா ஜனங்களுக்குத்தானே லாபம்? உண்மையைச் சொல்ல எவனுக்குப் பயப்படணும்?"

எதிர்வரிசையில் கோட்டு போட்ட ஒருவர் தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அவருதான் கம்பெனி ஆளோ?" என்று டார்லீன் கிசுகிசுத்தாள்.

"எவனா இருந்தா உனக்கென்ன? குரல் மட்டும் இறங்கக்கூடாது."

சொல்லி வாய் மூடுவதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். காத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து உள்ளே போனார்கள். டார்லீன் காகிதத்தைக் கைப்பைக்குள் போட்டு மூடிவிட்டு அதிகாரியின் முன் நின்றாள்.

"ஐயா, நான் யார்கிட்டயும் தயவு கேட்டு வரல. ஆயிரத்து இருநூறு வாங்குற வேலையை நான் ஐநூறுக்குச் செய்வேன். போட்டி வந்தா ஜனங்களுக்கு நல்லதுதானே?"

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். "அப்படின்னா அந்தக் கம்பெனிக்குப் போறவங்க உங்ககிட்ட வந்துடுவாங்கன்னு சொல்றீங்களா?"

"ஒருத்தர் விடாம வருவாங்க ஐயா. கூடக் குடுக்க அவங்களுக்கு என்ன பைத்தியமா?"

பின்வரிசையில் ராய்ஸ் "சபாஷ்" என்றது அவள் காதில் விழுந்தது. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்ட நிம்மதியோடு அவள் நிமிர்ந்து நின்றாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இதுல நான் பாக்கவேண்டியது ஒண்ணே ஒண்ணுதாம்மா. நீங்க வர்றதால இருக்கிற கம்பெனிக்கு நஷ்டம் வருமா, வராதா? வரும்னா அனுமதி குடுக்கச் சட்டத்துல இடமில்ல."

டார்லீன் அவசர அவசரமாகக் கைப்பையைத் துழாவினாள். "ஐயா, நான் எழுதிட்டு வந்தது வேற..."

"நீங்க சொன்னது பதிவாயிடுச்சும்மா," என்றார் அதிகாரி. அவருக்கும் சங்கடம்தான். "ஆட்சேபம் போட்ட கம்பெனி முதலாளி வந்திருக்காரா? அவர் சொல்றதையும் கேட்டுடுவோம்."

டார்லீன் கோட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க," என்று எழுந்தார் ராய்ஸ். "நான் தனியா சொல்ல ஒண்ணும் இல்ல. தங்கச்சி சொன்னதையே என் ஆட்சேபமா எழுதிக்குங்க."