பதினோராம் அத்தியாயத்தில் ஒரு கிராஸ் டாக்

“சார், ரிசீவரைத் தூக்கினா முன்பின் தெரியாத ரெண்டு பேர் பேசறது காதுல விழுது, அதை வெச்சு இன்ஸ்பெக்டர் கொலைகாரனைப் பிடிக்கறார்னு எழுதியிருக்கீங்க. இந்தக் காலத்துல இது எப்படி சார் நடக்கும்?”

கணினித் திரையிலிருந்து கேட்டாள் மிலாக்ரோஸ். பழைய துப்பறியும் நாவல்களைத் தூசி தட்டி, காலத்துக்கு ஏற்ப மாற்றி, மின்நூலாகப் போடும் பதிப்பகத்தில் அவளுக்கு வேலை. நாவலை எழுதிய நெஸ்டோரின் வயதில் பாதிகூட இருக்காது.

“நடந்துதேம்மா! எண்பதுகள்ல இந்த புவெனஸ் அயர்ஸ்ல கிராஸ் டாக் இல்லாத டெலிபோன் ஏது? லைன் கேட்டு எழுதிப் போட்டா, பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போற வயசுலதான் வரும். வந்தாலும் பாதி நேரம் அடுத்த வீட்டுச் சண்டைதான் கேக்கும்.”

“அது அப்போ சார். இப்போ நம்ம கதை நடக்கறது இந்த வருஷம். எல்லார் கையிலயும் மொபைல்.”

நெஸ்டோருக்குத் தலை சுற்றியது. எந்த நேரத்தில் ஆளுக்கொரு மொபைலைக் கொடுத்தாரோ, அன்றிலிருந்தே கதை கழன்றுகொண்டு வந்தது. பொதுத் தொலைபேசியைத் தேடி இன்ஸ்பெக்டர் குவிரோகா மழையில் ஓடும் மூன்றாம் அத்தியாயம் இரண்டே வரியில் முடிந்துபோயிற்று. டெலிபோன் ஒயர் அறுக்கப்பட்ட வீட்டில் மாட்டிக்கொண்ட விதவை, இப்போது ஏன் போலீசைக் கூப்பிடவில்லை? சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று எழுதினார். அவள் மாமனாருக்கும் தீர்த்தார். தோட்டக்காரனுக்கும் தீர்த்தார்.

“உங்க கதையில செத்த மனுஷன் ஒருத்தன்தான் சார், செத்த பேட்டரிதான் ஏகப்பட்டது” என்று மிலாக்ரோஸே கேலி செய்தாள். யார் கையில் எந்த போன் இருக்கிறது என்று அவருக்கே குழப்பம். நேற்று, கொலையுண்டவனையே குறுஞ்செய்தி அனுப்ப வைத்துவிட்டார்.

இப்போது அவள் குரல் இறங்கியது. “இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள இந்த அத்தியாயம் சரியாகலைன்னா, உங்க புத்தகத்தை வரிசையிலேர்ந்து எடுத்துடச் சொல்லிட்டாங்க சார்.”

நெஸ்டோர் நாற்காலி நுனிக்கு வந்தார். அவர் எழுதியது எதுவுமே இன்று கடையில் கிடையாது. இதுவும் போனால், இப்படி ஒருவன் எழுதினான் என்பதற்கே அடையாளம் இருக்காது.

“வேற எதை வேணா மாத்தும்மா. கிராஸ் டாக்ல மட்டும் கை வைக்காதே. நானும் கிளாடிஸும் சந்திச்சதே அப்படித்தான்!”

மாத்தே டீக் குவளையும் வெந்நீர் பிளாஸ்க்குமாக வந்த அவர் மனைவி கிளாடிஸ் சட்டென்று நின்றாள்.

“நிஜமாவா சார்?”

“பத்திரிகை ஆபீசுக்குப் பேசணும்னு ரிசீவரைத் தூக்கறேன். யாரோ ஒருத்தி தன் தோழிகிட்ட, அந்த வாரம் வந்த என் கதையைக் கிழிச்சுத் தோரணம் கட்டிக்கிட்டிருக்கா. முடிவு சுத்த மோசமாம்! வந்துதே எனக்குக் கோபம். ‘அதை எழுதினவன் நான்தாம்மா’ன்னு குறுக்கே பாய்ஞ்சேன். சண்டை முடியற வழியா இல்லை. மிச்சத்தை காபிக் கடையில வெச்சுக்கலாம்னேன்.”

“அந்தத் தோழி?”

“அது ஒரு ஊமைக்கோட்டான். கடைசிவரைக்கும் ‘ம்... ம்...’தான்.”

மிலாக்ரோஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “இவ்ளோ பெரிய ஊர்ல ஒரு லைன் மாறி, அதுல உங்க கதையைப் பத்தியே பேசினாங்களா? கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கதையில எழுதினா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.”

“அதுக்குப் பேர் விதிம்மா!”

“விதியை விடுங்க சார். கொலைகாரனோட வாய்ஸ் மெசேஜ் தவறிப்போய் இன்ஸ்பெக்டருக்கு வந்துட்டதா வெச்சுக்கலாமா?”

“பத்து அத்தியாயமா அவனை மகா மூளைக்காரன்னு எழுதியிருக்கேன். பதினொண்ணுல திடீர்னு மடையனாயிடுவானா?”

“அதுவும் சரிதான்” என்றாள் மிலாக்ரோஸ், நகத்தைக் கடித்தபடி. நெஸ்டோர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

“அட கிழவா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள் கிளாடிஸ். “அவன் எதுக்கு அனுப்பணும்? அவன் பேசினதை அவன் பொண்டாட்டி பதிவு பண்ணி அனுப்பினா. கை தவறி வந்த மாதிரி, வேணும்னே அனுப்பினா. அவளுக்கு அவன் மாட்டணும், அவ்வளவுதான்.”

திரையில் மிலாக்ரோஸ் எழுந்தே நின்றுவிட்டாள். “மேடம், பிரமாதம்! தற்செயல்ங்கற பேச்சுக்கே இடமில்லை! சார், இப்படியே எழுதி அனுப்புங்க. உங்க புத்தகம் வந்தாச்சுன்னு வெச்சுக்குங்க!”

திரை அணைந்தது. நெஸ்டோருக்கு சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் எங்கேயோ ஒன்று இடித்தது.

“இத்தனை வருஷமா கொலையும் புலனாய்வுமா எழுதறவன் நான். எனக்குத் தோணாதது உனக்கு மட்டும் எப்படித் தோணிச்சு?”

கிளாடிஸ் நிதானமாக மாத்தேயை உறிஞ்சினாள்.

“அந்தக் காலத்துல ரொட்டிக் கடை வரிசையில நாள் தவறாம உன் பின்னாடிதான் நின்னேன். பத்திரிகையை விட்டுத் தலையைத் தூக்கினியா நீ? நானும் வேற என்னதான் பண்றது? நல்ல வேளை, என் தம்பி ரூபன் அப்போ டெலிபோன் கம்பத்துல ஏறி ஒயர் பூட்டற வேலையில இருந்தான்.”

“ரூபனா?”

“ஆமா. உன் லைனை என் லைனோட சேர்த்துவிட்டதும் அவன்தான். கம்பத்து உச்சியில தொத்திக்கிட்டு, ‘ம்... ம்...’னு தோழியா கேட்டுக்கிட்டிருந்ததும் அவன்தான்.”