கேட்டில் சிக்கிய முடி

மனைவி ஒரே படத்தைப் பார்த்துப் பார்த்து உருகுவதைத் தாங்க முடியாமல், புரொஜெக்டரை விற்றுவிடுவதென்று ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன் மனதைக் கல்லாக்கிக்கொண்டார். பெல்ட் மாற்றி, பல்சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டு, ஃபிலிம் நழுவிச் செல்லும் கேட்டைப் பிரஷ்ஷால் துடைத்தார். வாங்க வந்தவருக்கு ஓட்டிக் காட்ட அந்த ஒரே சுருள்தான் இருந்தது: குளத்தில் மூழ்கிப்போவதற்கு முந்தைய மாதம் மகள் ஊஞ்சலாடியது.

சுவரில் ஐந்து வயது மகள் சிரித்தாள். படத்தின் கீழோரத்தில் மெல்லிய நிழல் ஒன்று நடுங்கியது.

“கேட்ல முடி சார். அம்மாவோடதா இருக்கும்,” என்றார் வந்தவர்.

“என் முடி சுருட்டை தம்பி. இவர் தலையில தேடினாலும் கிடைக்காது,” என்றாள் மனைவி.

எத்தனை முறை துடைத்தாலும் அது வந்துவிடும். முதலில் சாண் நீளம்தான் இருந்தது. இந்த முப்பத்துநாலு வருஷத்தில் முழ நீளமாகியிருந்தது. யாருடையது என்று கணவனும் மனைவியும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

அவர் புரொஜெக்டரை நிறுத்தி, இடுக்கியால் அதை எடுத்தார். எறியவிடாமல் மனைவி வாங்கி, திரைச்சீலையை விலக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். நேரான முடி. வேர்ப்பக்கம் வெள்ளையாக இருந்தது.

அவர் புரொஜெக்டருக்கு உறையைப் போட்டு மூடினார்.

“மன்னிச்சுக்குங்க தம்பி, இது குடுக்கறதுக்கில்ல,” என்று வந்தவரை வாசல்வரை கொண்டுவிட்டுத் திரும்பினார். மனைவி அந்த முடியை விரலில் சுற்றியபடி உட்கார்ந்திருந்தாள்.

“நாப்பதுகூட ஆகலயேங்க,” என்றாள். “அதுக்குள்ள நரைக்கிற அளவுக்கு அவளுக்கு என்ன கவலையோ.”