ஏழு கிலோ

"சரியாகியிருந்த தைராய்டு இந்த ரெண்டு மாசத்துல மறுபடியும் கொறஞ்சிருக்கு," என்றார் டாக்டர் உமைமா. "மாத்திரைய வெறும் வயித்துல, தண்ணியிலதானே போடுறீங்க?"

சௌமியா பதில் சொல்வதற்குள் கணவன் வெற்றி முந்திக்கொண்டான். "காலைல அஞ்சு மணிக்கு நானே எடுத்து கைல குடுக்குறேன் டாக்டரம்மா. முழுங்கிட்டு மறுபடியும் தூங்குது. மாத்திரை இன்னா பண்ணும்?"

"இப்பல்லாம் மாத்திரை இனிக்குது டாக்டர்," என்றாள் சௌமியா.

"இதுக்கு எதத் தின்னாலும் இனிக்கும். பன்னு மாதிரி உப்பிக்கினு கீது பாருங்க. என்னப் பாருங்க, ரெண்டே மாசத்துல ஏழு கிலோ எறக்கிட்டேன். அத்தனையும் வேர்வை! ஞாயித்துக்கெழம வியாசர்பாடில கம்மி எடைப் பிரிவுல பாக்சிங் கீது. ஃபிட்னஸ் சர்டிபிகேட் போட்டுக் குடுங்க."

டாக்டர் அவன் நாடியைப் பிடித்துப் பார்த்தார். அது தறிகெட்டு ஓடியது. நீட்டிய விரல்கள் நடுங்கின.

"ரத்தம் குடுத்துட்டுப் போங்க. நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க."

மறுநாள் இரண்டு ரிப்போர்ட்டையும் மேசையில் அருகருகே வைத்தார்.

"இவங்களுக்கு எழுதின மாத்திரை உங்க ரத்தத்துல இருக்கு, வெற்றி. இப்படியே போனா இதயமே நின்னுடும். இவங்களுக்கு என்ன குடுத்தீங்க?"

வெற்றியின் குரல் இறங்கியது. "ஓமியோபதி... சக்கர மாத்திர."

சௌமியா எழுந்தாள்.

"சர்டிபிகேட் எழுதுங்க டாக்டர். பொண்டாட்டி மாத்திரையத் திருடி எடை கொறச்சான்னு தெளிவா எழுதுங்க. பாக்சிங் கிளப்பு சுவத்துல நானே ஒட்டிட்டு வர்றேன்."