வெட்டிவேர்

கேட்டைத் திறந்ததும் இசக்கிமுருகன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

வண்டிக்குச் சொந்தக்காரரான ஸ்ரீவிஷ்ணு சிரித்தார். முதல் தடவை பார்க்கிற எல்லோரும் இப்படித்தான் நிற்பார்கள் என்றார். இரண்டே இருக்கை, மடங்கும் கூரை, மாதுளை முத்துச் சிவப்பு. பாளையங்கோட்டையில் இப்படி இன்னொன்று கிடையாது.

வாங்க வந்த ஹெப்ரானும்தான் நின்றான். அவன் நின்றது ஆசையில்.

ஹெப்ரான் ராதாபுரம் பக்கத்துக் கப்பல்காரன். எட்டு மாதம் கப்பலின் எஞ்சின் அறை, நாலு மாதம் வீடு. மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து நாலுவழிச்சாலையில் கன்னியாகுமரிக்குப் பறக்கவேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பே கொடுத்த வாக்கு. கொடுத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அவளும் சொல்லிக்காட்டாத நாளில்லை.

எஞ்சின் அவனுக்கு அத்துப்படி. ஆனால் பழைய வண்டிக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பது வேறு சங்கதி. அதற்குத்தான் இசக்கிமுருகனைக் கையோடு கூட்டிவந்திருந்தான்.

இரண்டு வருஷத்துக்கு முந்திய மார்கழி வெள்ளம் வடிந்த பிறகு மூன்று மாதம், இசக்கிமுருகனின் பட்டறை வாசலில் தண்ணீர் குடித்த வண்டிகள் வரிசைகட்டி நின்றன. அதிலிருந்து, வெள்ளத்தில் கிடந்த வண்டியை அவனிடம் மறைக்க முடியாது என்று பெயர். பார்த்து முடித்ததும் ஒரே சொல்தான் சொல்வான். எடுங்க, இல்லையென்றால் வேண்டாம். காரணம் சொல்கிற வழக்கமில்லை. யாரும் கேட்டதுமில்லை.

வழக்கமாக அரைமணி நேர வேலை. இன்று இரண்டு மணி நேரமாகியும் முடியவில்லை.

சீட் பெல்ட்டைக் கடைசி முழம்வரை உருவினான். சேற்றுக் கோடு இருந்தால் அங்கேதான் இருக்கும். இல்லை.

ஃபியூஸ் பெட்டியைத் திறந்து வயர் முனைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஓரிடத்திலாவது பச்சைக் களிம்பு பூத்திருக்கக்கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. பூக்கவில்லை.

ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில் விரலை விட்டுத் தேய்த்தான். ஆற்று வண்டல் ஒரு சிட்டிகை கிடைத்தால் போதும். விரல் சுத்தமாக வந்தது. அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

ஹெப்ரான் இதற்குள் கைப்பேசியில் எழுதிவைத்திருந்த பயங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தான். உதிரிபாகம் கொச்சியிலிருந்து வரவேண்டும், வரட்டும். எட்டு மாதம் சும்மா நின்றால் பேட்டரி படுத்துவிடும், மச்சினன் வாரம் ஒருமுறை எடுத்து ஓட்டுவான். வேகத்தடையில் அடிவயிறு தட்டும், பைய ஏற்றி இறக்கினால் போயிற்று. ஆசை வந்துவிட்டால் எல்லாப் பயத்துக்கும் ஒரு பதில் கிடைத்துவிடுகிறது.

ஸ்ரீவிஷ்ணு எதையும் ஒளிக்கிறவராகத் தெரியவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு தரகரிடம் வாங்கினாராம். குடும்பத்தோடு கனடா போவதால் விற்கிறாராம். ஒரே ஒரு தடவை, வள்ளியூர் தாண்டி வேகமாகப் போகும்போது எல்லா விளக்கும் அணைந்து ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டதாம். பின்னாலேயே லாரி. எப்படியோ ஓரம் கட்டியிருக்கிறார். ஐந்து நிமிஷத்தில் தானாகவே சரியாகிவிட்டது. பக்கத்தில் இருந்த மகளுக்கு அது ஒரே குஷி என்று சொல்லிச் சிரித்தார்.

இசக்கிமுருகன் சிரிக்கவில்லை. கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைத் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

ஹெப்ரான் உள்ளே உட்கார்ந்து ஏ.சி.யைப் போட்டான். குளிர்ந்த காற்றோடு மெல்லிய வெட்டிவேர் வாசம் வந்தது. வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான் என்றார் ஸ்ரீவிஷ்ணு.

"வேண்டாம்," என்றான் இசக்கிமுருகன்.

ஹெப்ரானின் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் எஞ்சின்காரன், காரணம் இல்லாமல் விடுவானா. இரண்டு மணி நேரம் பார்த்தும் ஒரு குறைகூட அகப்படவில்லையே, பிறகு ஏன் வேண்டாம் என்று கேட்டான்.

ஸ்ரீவிஷ்ணு கோபப்படவில்லை. குறையைக் காட்டினால் தானே சரிசெய்து தருவதாகச் சொன்னார். இவர்களுக்கு வேண்டாமென்றால் ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலிலிருந்து இன்னொருவர் வருகிறார், அவர் பார்க்காமலேயே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

பையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். சம்பாதித்த பெயர் அப்படியே இருக்கும். இசக்கிமுருகனுக்குப் பயமாக இருந்தது.

இடப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றினான். டார்ச் அடிக்கவில்லை, குனிந்து பார்க்கவுமில்லை. முழங்கைவரை கையை உள்ளே விட்டு ஒரு பொட்டலத்தை உருவி எடுத்தான். கொசுவலைத் துணியில் வெட்டிவேர், செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டியது. அதைப் பானட் மேல் வைத்தான்.

"கூரைவரைக்கும் தண்ணியில கெடந்த வண்டி, சார். இன்சூரன்ஸ்ல கழிச்சுப் போட்டது. ஆத்து வாடை தெரியக்கூடாதுன்னு இத வச்சிருக்கு. எப்ப அணையும், எங்கன அணையும்னு சொல்ல முடியாது."

ஹெப்ரான் அவன் தோளைத் தட்டினான். பெயர் சும்மா வரவில்லை என்றான்.

ஸ்ரீவிஷ்ணு மட்டும் பொட்டலத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற இடமெல்லாம் அவ்வளவு நேரம் தேடியவர் இதை மட்டும் தேடாமலே எடுத்தது எப்படி என்று கேட்டார்.

இசக்கிமுருகன் வண்டியைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொன்னான்.

"நான் வச்சத நானே தேடுவனா, சார்."