கிளிஞ்சல் தின்ற கோழி

புள்ளிக்கோழி இட்ட முட்டையெல்லாம் தோல்முட்டையாகப் போய்க்கொண்டிருந்தது. அடைக்கு உட்கார்ந்த மாத்திரத்தில் நசுங்கிவிடும். அது அழுகிற அழுகையைப் பார்க்கச் சகிக்காமல் பக்கத்துக் கூட்டு வாத்து, "கிளிஞ்சல் தூளைக் கொஞ்சம் கொத்திப் பாருடி, ஓடு பிடிக்கும்" என்றது.

சொன்னபடியே அடுத்த முட்டைக்கு நல்ல ஓடு பிடித்தது. கோழிக்குத் தலைகால் புரியவில்லை.

"போதும்டி, நிறுத்திக்கோ" என்றது வாத்து.

"கொஞ்சத்துக்கே இப்படின்னா, நிறையத் தின்னா எப்படியிருக்கும்க்கா!"

அன்றிலிருந்து கோழி தவிட்டைத் தொடவில்லை, புழுவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விடிந்தால் கிளிஞ்சல், பொழுது சாய்ந்தால் கிளிஞ்சல்.

அப்புறம் ஒரு முட்டை இட்டது பாருங்கள், தரையில் விழுந்து 'ணங்' என்றது! திருட வந்த பூனை அதைக் கடித்துப் பார்த்துவிட்டுப் பல்வலியோடு ஓடியது.

"பார்த்தியாக்கா? என் பிள்ளையை இனிமே எவன் தொடுவான்?" என்று கோழி ஊரெல்லாம் கொக்கரித்தது.

பொரிக்கும் நாள் வந்தது. முட்டைக்குள் டொக், டொக் என்று சத்தம் கேட்டது. கோழி சிறகை விரித்துக் காத்திருந்தது. வெயில் ஏறியது, இறங்கியது. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டேயிருந்தது. ஓட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை.

கோழியே ஓட்டை உடைக்கப் பார்த்தது. பாய்ந்து பாய்ந்து கொத்தியது. அலகின் நுனிதான் உடைந்து தெறித்தது.

உள்ளேயிருந்து சின்னக் குரல் ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டது:

"அம்மா, எனக்கு வாசல் எந்தப் பக்கம் வச்சிருக்கே?"