இருநூறு நிமிடம்

அமெரிக்காவின் அயோவாவில் ஒரு சின்னக் கல்லூரியின் விளையாட்டுச் செய்திப் பிரிவு என்றால் லோர்னா ஒருத்திதான். பெண்கள் கூடைப்பந்து முடிந்ததும் புள்ளிவிவரத் தாளை அவள்தான் அனுப்ப வேண்டும். களத்தில் ஓர் அணிக்கு எப்போதும் ஐந்து பேர், ஆட்டம் நாற்பது நிமிடம். ஓர் அணியில் ஒவ்வொருத்தியும் ஆடிய நிமிடங்களைக் கூட்டினால் இருநூறு வந்தே தீரும்.

அன்று மதியம் நூற்றெண்பத்தெட்டுதான் வந்தது. மூன்று முறை கூட்டிவிட்டாள்.

"நாலு பேரை வச்சா ஆடினோம்?" என்றார், பக்கத்தில் உட்கார்ந்து யார் உள்ளே, யார் வெளியே என்று அவளுக்குப் பார்த்துச் சொல்லும் வெர்ன். "அஞ்சு பேருதாம்மா நின்னாங்க. உனக்குக் கூட்டல் மறந்துபோச்சு."

பட்டியலில் பதினான்காம் எண் பிரின் பெயருக்கு நேரே மட்டும் காலியாக இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் பனிச்சாலையில் கார் கவிழ்ந்து செத்துப்போனவள். பெயரை அழிக்க லோர்னாவுக்கு மனசு வரவில்லை. நேரமாகிவிட்டது. விடுபட்ட பன்னிரண்டு நிமிடத்தை அங்கே போட்டாள். கணக்கு நேரானது, அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை எதிரணிக் கல்லூரியில் இதே வேலை பார்க்கும் டேல் கூப்பிட்டான்.

அவன் விஷயத்தைச் சொல்லுமுன் லோர்னா முந்திக்கொண்டாள். "தெரியும் டேல், அந்தப் பதினாலு தப்புதான். எடுத்துடறேன்."

"எதுக்கு எடுக்கணும்? நிமிஷமெல்லாம் சரி. அவ பண்ணின ஃபவுலைத்தான் விட்டுட்டே. எங்க பொண்ணு மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்தாளே! பாவம், அந்தக் கை இன்னும் சூடேறவே இல்ல."