ஒரு வரிசைக்கு ஒரு கைக்குழந்தை

விமானத்தில் மூன்று இருக்கைகள் எங்களுடையவை. ஜன்னலோரம் மூன்று வயது மகள், நடுவில் கைக்குழந்தையோடு நான், ஓரத்தில் என் கணவர். பால் புட்டி, டயப்பர் பை, காதறுந்த முயல் பொம்மை எல்லாம் காலடியில் கிடந்தன.

பணிப்பெண் குழந்தைகளுக்கான சின்ன பெல்ட் இரண்டை எடுத்து வந்தாள். "மேடம், ஒரு வரிசையில ஒரு கைக்குழந்தைதான் இருக்கலாம். கூடுதலா ஒரு ஆக்சிஜன் மாஸ்க்தான் இருக்கு. சார் பின்னாடி போயிடட்டும்."

"எங்களுக்குக் கைக்குழந்தை ஒண்ணுதாங்க," என்றேன்.

அவள் என் கணவரின் வெறும் மடியைப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே ஜாடை," என்று சிரித்தாள்.

எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிற மனிதர், மறுபேச்சில்லாமல் எழுந்தார். இடது கையை மார்போடு மடக்கிக்கொண்டார். மேலே இடித்துவிடாதபடி வலது உள்ளங்கையால் எதையோ மறைத்துக்கொண்டே பின்வரிசைக்குப் போனார்.

இறங்கும்போது அவருக்காக நின்றோம். மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, அந்தப் பாப்பா தூங்கிடுச்சா?" என்று கேட்டாள்.

"ஷ்ஷ்... இப்பத்தான்," என்றார் அவர்.

எங்கள் குழந்தை என் தோளில் கொட்டக் கொட்ட விழித்திருந்தது. அவருடைய சட்டைத் தோளில், கக்கிய பால் வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது.